முதலாளியாக ஓர் அரசாங்கம்

1. கண்ணாடித் தரை

துறைமுகத்தில் என் முதல் நாள் கப்பலையே பார்க்காமல் முடிந்திருக்கும். காலையில் கேட்டில் பாஸ் வாங்கி, ஹெல்மெட்டும் ஆரஞ்சு ஜாக்கெட்டும் மாட்டிக்கொண்டு நேராகக் கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். ஜன்னல் இல்லாத ஏசி அறை. சுவர் முழுக்கத் திரைகள். அவற்றில் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு கன்டெய்னர். நாங்கள் அதைப் பெட்டி என்போம்.

எனக்குக் கொடுத்த வேலை யார்டு பிளானர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டி, பெட்டிகளை அடுக்கிவைக்கும் திடலான யார்டில் எந்த வரிசையில் போய் உட்கார வேண்டும், எதன் மேல் எதை வைக்கலாம், நாளைக்கே லாரி ஏறப்போவது எது, வாரக்கணக்கில் கிடக்கப்போவது எது என்று முன்கூட்டியே இடம் போடுவது. கீழே மாட்டிக்கொண்ட ஒரு பெட்டியை எடுக்க மேலே உள்ள எல்லாவற்றையும் நகர்த்த வேண்டி வந்தால் அது பிளானர் வேலை தெரியாதவர் என்பதற்கு அடையாளம்.

சாப்பாட்டு நேரத்தில் கிரேன் ஆபரேட்டர் ஹக்கீம் பாய் வந்து எட்டிப் பார்த்தார். அந்தத் துறைமுக ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இன்னாம்மா, புதுசா? எந்த ஊரு?"

"திருவண்ணாமலை பக்கம், கீழ்பென்னாத்தூருங்க."

"கப்பலப் பாத்தியா?"

"ஸ்கிரீன்ல பாத்தேங்க."

"ஸ்கிரீன்ல பாத்தா அது கப்பலா? வா."

கரையோரத்தில் நிற்கும் பெரிய கிரேனின் லிப்டில் ஏற்றி, உச்சியிலுள்ள கேபினுக்குக் கூட்டிப்போனார். அந்தக் கேபினுக்குத் தரை கண்ணாடி. ஆபரேட்டர் குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்துத்தான் பெட்டியைத் தூக்குவார். நானும் குனிந்து பார்த்தேன். கப்பலின் வயிறு திறந்து கிடந்தது. ஆட்கள் எள்ளுருண்டை போலத் தெரிந்தார்கள். அதற்கப்பால் கடல், முடிவே இல்லாமல். மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை நிலமும் ஏரிக்கரையும் பார்த்து வளர்ந்தவளுக்கு, ஒரு தடையும் இல்லாமல் அவ்வளவு தூரம் பார்க்கலாம் என்பதே புதுசாக இருந்தது.

"பயமா இருக்குதா?"

"இல்லீங்க பாய்," என்றேன். பிடித்த கம்பியை விடவில்லை.

அந்தத் துறைமுகத்தின் பெயரை எழுத மாட்டேன். கிழக்குக் கடற்கரையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க அங்கே லேடீஸ் ஹாஸ்டல். சனிக்கிழமை பஸ் ஏறி, திருவண்ணாமலையில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த என் கணவர் அருளிடம் வந்துவிடுவேன். செஞ்சி தாண்டியதும் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி மலை தெரிகிறதா என்று பார்ப்பேன். அந்த வருடங்களில் எனக்கு ஏக்கம் என்றால் வீட்டு ஏக்கம்தான்.

2. போர்டு மாறியது

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு விஷயம் விளக்க வேண்டும். துறைமுகம் நம் அரசாங்கத்தினுடையது. ஆனால் அதில் ஒரு பகுதிக் கரையை, டெர்மினல் என்பார்கள், நீண்டகாலக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் விடுவார்கள். கிரேன் வாங்குவது, ஆள் வைப்பது, கப்பலுக்கு நேரம் கொடுப்பது எல்லாம் அந்தக் கம்பெனி. நான் சேர்ந்தபோது அது வெளிநாட்டுத் தனியார் கம்பெனி. அதில் யாருக்கும் பிரச்சினை இல்லை.

பிறகு ஒருநாள், எங்கோ ஒரு வெளிநாட்டு நகரத்தில் யாரோ கையெழுத்துப் போட்டதில், அந்தத் தாய்க் கம்பெனி கைமாறியது. வாங்கிய கம்பெனி இன்னொரு நாட்டு அரசாங்கத்துக்குச் சொந்தமானது. சுருக்கமாகச் சொன்னால் எங்கள் முதலாளி ஓர் அரசாங்கம் ஆகிவிட்டது. நம் அரசாங்கம் இல்லை.

எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் நாட்டைத்தான் பார்ப்பீர்கள். நான் சொல்லப்போகிற மனிதரைப் பார்க்க மாட்டீர்கள்.

யார்டில் எதுவும் மாறவில்லை. கேட்டில் போர்டு மாறியது. ஜாக்கெட் ஆரஞ்சிலிருந்து நீலமானது. பிறகு அவர் வந்தார், ஆபரேஷன்ஸ் மேனேஜராக. முன்னாள் கப்பல் கேப்டன். பெயர் எங்கள் வாயில் நுழையாததால் கடைசி வரைக்கும் எல்லாருக்கும் அவர் கேப்டன்தான்.

குள்ளமான, அதிகம் பேசாத மனிதர். மீட்டிங் வைக்க மாட்டார். பிளானர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்ப்பார். ஏதாவது சரியில்லை என்றால் தப்பு என்று சொல்ல மாட்டார். "ஏன் இங்கே?" என்று மட்டும் கேட்பார். காரணம் சொன்னால், அது அவருக்குப் பிடிக்காவிட்டாலும், தலையசைத்துப் போய்விடுவார். காரணம் இல்லாவிட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அப்படி அவர் உட்கார்ந்த நாட்களில்தான் நான் தொழில் கற்றேன். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

3. புயல் வந்த மதியம்

புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் காற்று அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. கப்பல் வந்து நிற்கும் கரையான பெர்த்தில் பாதி சரக்கு இறக்கிய கப்பல். கப்பல் கம்பெனியின் ஏஜென்ட் கன்ட்ரோல் ரூமுக்கே வந்து நின்றார்.

"சார், இன்னும் கொஞ்சம்தான். முடிச்சி அனுப்பிடலாம் சார். வெளிய போய் நின்னா கப்பலுக்குத்தான் சேஃப்டி."

கேப்டன் காற்றளவு மீட்டரைப் பார்த்தார். மைக்கை எடுத்து எல்லாக் கிரேனும் நிறுத்தச் சொன்னார். ஏஜென்ட் எங்கள் தலைமை அலுவலகத்துக்கே போன் போட்டார். அங்கிருந்து கேப்டனுக்கு அழைப்பு வந்தது. அவர் தன் மொழியில் இரண்டே வார்த்தை பேசி வைத்துவிட்டார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார்.

புயலில் கிரேன் தண்டவாளத்தில் தானாக ஓடிவிடும். ஓடினால் பக்கத்துக் கிரேனை இடித்துச் சாய்க்கும். அதனால் கீழே கான்கிரீட்டில் உள்ள குழியில் ஸ்டார்ம் பின் என்ற கனமான இரும்பு முளையை இறக்கிப் பூட்ட வேண்டும். ஹக்கீம் பாயின் கிரேன் குழிக்கு நேராக வந்து நிற்கவில்லை. அவர் மேலே கேபினில் இருந்துகொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்த, கேப்டன் கீழே தண்ணீரில் மண்டியிட்டுக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தேன். முளை இறங்கியது. அதற்குப் பிறகும் ஹக்கீம் பாய் இறங்கி வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. காற்று லிப்டை நிறுத்திவிட்டது. பாய் ஏணியில், ஒவ்வொரு கம்பியாகக் கட்டிப்பிடித்து இறங்கினார்.

நனைந்த கோழி போல இரண்டு பேரும் கன்ட்ரோல் ரூமுக்கு வந்தார்கள். பாய் என்னிடம் சொன்னார், "இந்தாளு எந்த நாடா வேணாலும் இருக்கட்டும் மல்லிகா. நான் எறங்கற வரிக்கும் நின்னான்யா."

4. அவர் கேட்ட கேள்வி

அதற்கப்புறம் அந்த நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் உறவு கெட்டது. டிவியில் தினமும் அதே பேச்சு. துறைமுகங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று விவாதம் நடத்தினார்கள். எங்கள் டெர்மினலின் படத்தைக் காட்டினார்கள். நீல ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்து போகவே கூச்சமாக இருந்தது. மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

கீழ்பென்னாத்தூரில் நெல் மண்டி வைத்திருக்கும் என் அண்ணன் குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நேராகவே கேட்டார்.

"ஏம்மா மல்லிகா, உங்க கம்பெனி அந்த நாட்டு கவர்மென்ட்டுதாமே?"

"ஆமாண்ணா."

"அப்போ நம்ம கப்பல்ல இன்னா வருது, இன்னா போவுதுனு அவனுக்குத் தெரியும்?"

"எல்லா கம்பெனிக்கும் தெரியும்ணா. அதான் வேலையே."

"கம்பெனிக்குத் தெரியறது வேற. கவர்மென்ட்டுக்குத் தெரியறது வேற இல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. "அங்க வேலை செய்யற நாங்கல்லாம் யாரு? ஒரு நாள் வந்து பாத்துட்டு பேசுண்ணா," என்று எழுந்து போய்விட்டேன். அருள் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். "அண்ணன் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல மல்லிகா. அதான் உனக்குக் கோவம்," என்றார்.

சில வாரங்கள் கழித்து அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். எங்கள் டெர்மினலுக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு அனுமதியைத் தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காக. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். என்னிடம் பேசிய அதிகாரி தமிழர். அதட்டல் எதுவும் இல்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"கிரேன்ல இருக்கற கேமராவத் திருப்பினா பக்கத்து பெர்த் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்."

பக்கத்து பெர்த்தில் எப்போதாவது கடற்படைக் கப்பல் வந்து நிற்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"உங்க பிளானிங் ஸ்கிரீன வெளிநாட்டுல இருக்கற ஹெட் ஆபீஸ்ல உக்காந்து பாக்க முடியுமா?"

நான் கொஞ்சம் தயங்கினேன். முடியும். சாஃப்ட்வேர் சரிபார்க்க ஒரு ரிமோட் லைன் இருந்தது. அந்த நேரத்தில் என் திரையில் அம்புக்குறி தானாக நகரும். நான் மவுஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கிரேன் கன்ட்ரோலையும் அப்படித்தான் அப்டேட் செய்வார்கள். மற்ற நாடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"முடியும் சார்," என்று சொல்லி, பார்த்ததைப் பார்த்தபடி விவரித்தேன். பிறகு கேட்காமலே சொன்னேன். "சார், கேப்டன் அப்படிப்பட்டவர் இல்ல. புயல்ல அவர் இல்லன்னா எங்க ஆளு ஒருத்தர் செத்திருப்பாரு."

அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"அவர் நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கலம்மா. நல்லவராவே இருக்கட்டும். நாளைக்கு ரெண்டு நாட்டுக்கும் சண்டைன்னு ஒண்ணு வருது. அவங்க கவர்மென்ட்டு அவருகிட்ட, அந்த கிரேன நிறுத்து, இந்தப் பெட்டி எங்க போவுதுன்னு சொல்லு அப்படின்னா, மாட்டேன்னு சொல்ல அவரால முடியுமா? அவருக்கு முதலாளியும் அதான், சர்க்காரும் அதான்."

தனியார் முதலாளியாக இருந்தால் வேலையை விட்டுவிடலாம். தன் சொந்த அரசாங்கமே முதலாளி என்றால் எங்கே போவது? அன்று வரை அதை நான் அப்படி யோசித்ததே இல்லை.

5. அடி அண்ணாமலையில் ஒரு காலை

அனுமதி ரத்தாயிற்று. டெர்மினலை விற்றுவிட்டுப் போகும்படி உத்தரவு. கேப்டனின் விசா நீட்டிக்கப்படவில்லை. ஊருக்குப் போவதற்கு முன்னால், நான் வாராவாரம் ஓடிவருகிற ஊரைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை என்னோடு பஸ்ஸிலேயே வந்தார்.

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் புதிதில்லை. காவி வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறவர்களை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் லாட்ஜ் மேனேஜர் இவருடைய பாஸ்போர்ட்டைத் திறந்ததும் முகம் மாறியது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், தப்பா நெனைச்சிக்காதீங்க. ஃபாரினர் யார் வந்தாலும் ஆன்லைன்ல ஏத்தணும். இந்த நாடுன்னா ஸ்டேஷன்லேர்ந்து ஆளு வருவாங்க. அப்புறம் ஏன் சொல்லலனு எங்க மேல வருத்தப்படக் கூடாது."

சொன்னபடியே சாயங்காலம் காவலர் ஒருவர் வந்தார். நானும் அருளும் அப்போது அங்கேதான் இருந்தோம்.

"எதுக்குங்க வந்திருக்காரு?"

"மலையப் பாக்க," என்றார் அருள்.

காவலர் கேப்டனை மேலும் கீழும் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். "பாக்கட்டும். வெயிலு ஜாஸ்தி, காலையிலேயே கெளம்பச் சொல்லுங்க. தண்ணி பாட்டில் எடுத்துக்கச் சொல்லுங்க," என்று சொல்லிப் போனார். காவலர் என்ன சொன்னார் என்று கேப்டன் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன்.

மறுநாள் காலை மூவரும் கிரிவலப் பாதையில் நடந்தோம். பௌர்ணமி இல்லாததால் கூட்டம் கம்மி. அடி அண்ணாமலையில் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னோம். அருள் யாரோ பழைய மாணவனின் அப்பாவைப் பார்த்துப் பேசப் போய்விட்டார். அதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன்.

"கேப்டன், விசாரணையில் ரிமோட் லைன் பற்றி நான்தான் சொன்னேன். பக்கத்து பெர்த் தெரிவதையும் சொன்னேன்."

"தெரியும்," என்றார். "கேட்டால் சொல்லத்தான் வேண்டும். நீ மறைத்திருந்தால் உன்னைப் பிளானராக வைத்ததற்கு நான் வெட்கப்பட்டிருப்பேன்."

பிறகு அந்த அதிகாரியின் கேள்வியை அவரிடமே கேட்டேன். உங்கள் அரசாங்கம் கேட்டால் மாட்டேன் என்று சொல்வீர்களா என்று. கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்வேன் என்று உன்னிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது," என்றார். "ஆனால் என் அம்மா அங்கே இருக்கிறார். என் மகள் அங்கே படிக்கிறாள். எனக்குத் தெரியாது, மல்லிகா. தெரியாது என்பதுதான் உண்மை. உங்கள் ஆட்கள் செய்தது சரி. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் செய்வேன்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியும் இருப்பேன்.

எழுந்து மறுபடி நடந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிடும்போது, கடிதம் போடுங்கள், மெசேஜ் அனுப்புங்கள் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "நான் எழுதினால் உனக்குத்தான் தொல்லை. எனக்கும்தான்." அருளிடம் கை கொடுத்தார். என்னிடம் கை கூப்பினார், நம் ஊர் முறையில், கொஞ்சம் தாழ்வாக. பஸ் கிளம்பிவிட்டது.

6. இப்போது

டெர்மினலை இந்தியக் கம்பெனி ஒன்று வாங்கியது. ரிமோட் லைனைத் துண்டித்தார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் புதிய கம்பெனி தன் எல்லாத் துறைமுகங்களுக்கும் சேர்த்துப் பிளானிங்கை வடக்கே ஒரு நகரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கடலே இல்லாத ஊர். அங்கே வரச் சொன்னார்கள். நான் ராஜினாமா செய்தேன். இப்போது திருவண்ணாமலையில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறேன். நெல் லோடும் மணிலா லோடும் ஏற்றி அனுப்புகிறேன். தப்பாக இடம் போட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாத வேலை.

வீட்டு மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். பல வருடம் எதற்காக ஏங்கினேனோ அது கண் முன்னால் இருக்கிறது. ஆனாலும் மழைக்காலத்தில், வானிலை அறிக்கையில் புயல் சின்னம் என்ற வார்த்தை வந்தால் சாப்பாடு இறங்காது. கிரேன்களைப் பூட்டியிருப்பார்களா, யார் போய்க் கை காட்டுவார்கள் என்று மனம் அங்கே ஓடிவிடும். போனில் கப்பல்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். சாயங்காலம் திறந்து பார்ப்பேன். கேப்டனின் நாட்டுக் கொடி போட்ட கப்பல் ஏதாவது நம் கரைக்கு வெளியே தூரமாகப் போய்க்கொண்டிருக்கும். அதில் அவர் இருப்பார் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. அது திரையை விட்டு நகரும்வரை பார்ப்பேன். அவர் மறுபடி கப்பலுக்குப் போனாரா, வீட்டில் இருக்கிறாரா, இங்கே வேலை செய்ததற்காக அவரிடமும் யாராவது மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்களா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அண்ணன் குமார் ஒருமுறை, "அந்தாளு பேச்சு வந்தா மட்டும் உன் மொகம் மாறுதே. அப்போ எதுக்கு உள்ளத சொன்னே?" என்று கேட்டார்.

"கேட்டாங்கண்ணா. உண்மை அதான்," என்றேன்.

துறைமுகத்திலோ, மின்நிலையத்திலோ, தொலைபேசிக் கம்பெனியிலோ வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உங்கள் மேனேஜர் நல்லவராக இருப்பதோடு விஷயம் முடிந்துவிடாது. அவருக்கு மேலே யார், அவர்களுக்கு மேலே யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கேட்கிற இடத்தில் உள்ளதைச் சொல்லுங்கள். சொன்ன பிறகு மனசு லேசாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சரியானதைத்தான் செய்தேன். செய்த அன்றிலிருந்து அவரை ஒருமுறை பார்க்க முடியாதா என்று இருக்கிறது.